ரத்தத்துக்குக் கணக்குப் போட்ட கதை

தன்னைப் பற்றி டூரிங் சினிமாக் கொட்டாயில் மைக் வைத்துப் பேசுகிறார்கள் என்று என் மகன் சொன்னபோது, நான் அதை நம்பினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நான் செய்தவற்றையெல்லாம் படிக்கும்போது, இவன் நடுவில்தான் புத்தி கெட்டுப் போனான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தொடக்கத்திலிருந்தே அப்படித்தான்.

உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். நிரூபணம் இல்லாமல் எதையும் ஏற்றுக்கொள்ளாதே என்று மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்கிறவன். ஆனால் அவன் சொன்ன தோரணையில் ஒரு கோளாறும் இல்லை. சென்னையில் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு செஞ்சிக்குத் திரும்பி வந்திருந்தான். சரியாகத் தூங்குவதில்லை, சட்டை மாற்றுவதில்லை. "என் பேரச் சொல்லிச் சொல்லி சிரிக்கறாங்க நைனா, ஸ்பீக்கர் குழாயில" என்றான். பரீட்சை எழுதாமல் வந்தவனை ஊர்ப் பையன்கள் கேலி செய்வது நடக்காத காரியமா? எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் காலை நேராகக் கொட்டாய்க்காரரிடம் போனேன்.

"இன்னா சார், நீங்களே வந்துட்டீங்க? பாஸ் வேணுமா?"

"பாஸ் வேணாம். உங்க குழாயில என் பையன் பேரச் சொல்லி எவனோ கிண்டல் பண்றானாம். நேத்து சாயங்காலம்கூட. கொஞ்சம் கண்டிச்சு வைங்க."

அவர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நின்றார். "நேத்தா? சார், இந்த வாரம் ஆட்டமே கெடையாது. படப் பொட்டி வரல. குழாயக் கழட்டிக் கீழ வச்சிருக்கறேன், பாருங்க."

பார்த்தேன். மணலில் கிடந்தது குழாய். அதன் வாய்க்குள் ஒரு கோழி சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. நான் கோழியைப் பார்த்தேன். கோழி என்னைப் பார்த்தது. "சரி, இனிமே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். கழற்றிப் போட்ட ஒலிபெருக்கியை எச்சரித்துவிட்டு வந்த ஒரே மனிதன் செஞ்சியில் நானாகத்தான் இருப்பேன். கோட்டையின் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். தெரிந்தவர் யாரும் எதிரே வந்துவிடக் கூடாது என்று.

அதற்குப் பிறகு சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் இளவயதுக்காரர், மரியாதையானவர். அவனோடு கொஞ்ச நேரமும் எங்களோடு நிறைய நேரமும் பேசிவிட்டு, மனச்சிதைவு என்றார். மாத்திரை கொடுத்தார். நிறுத்தினால் திரும்ப வரும், அப்படி வந்தால் உள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்றார். "உள்ளேயே" என்ற சொல் என் மனைவியின் முகத்தில் போய் உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

அவள் மேல்மலையனூர்க்காரி. அமாவாசைக்கு ஸ்பெஷல் பஸ் பிடித்துப் பிறந்த வீட்டுக்குப் போய் அங்காளம்மனைக் கும்பிட்டுவிட்டு வருகிறவள். பேய் பிடித்தவர்கள், புத்தி பேதலித்தவர்கள் எல்லாரையும் அங்கே கொண்டுவருவார்கள். அதனால் அவளுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. எனக்குத்தான் எல்லாம் புதிது. வீட்டுக்கு வந்ததும் யார் வழி ரத்தம் என்ற விசாரணை தொடங்கியது. என் சித்தப்பா ஒருவர் வீட்டைவிட்டுப் போனவர், திரும்பவில்லை. அவள் அண்ணன் ஒருவர் உடுக்கைச் சத்தம் கேட்டாலே சாமி ஆடுகிறவர்.

"எங்கண்ணனுக்கு வந்தது சாமி. உங்க சித்தப்பாவுக்கு வந்தது இன்னா?" என்றாள்.

"அவருக்குக் கடன் தொல்லை. ஓடிட்டாரு."

"கடன்காரனுங்க எல்லாம் துணியில்லாமயா ஓடறாங்க?"

அந்த இடத்தில் நான் தோற்றேன். சித்தப்பா வேட்டியைக் கொடியிலேயே விட்டுவிட்டுப் போனது உண்மை. அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். இது என்னிடமிருந்து போனதா? சவரம் செய்யும்போது கண்ணாடியில் சித்தப்பாவின் காது எனக்கு இருப்பதாகத் தோன்றும். காதை மறைத்துக்கொண்டு பார்ப்பேன். மூக்கும் அவருடையதாகத் தெரியும்.

அடுத்த முறை போனபோது டாக்டர் ஒரு விஷயம் சொன்னார். இந்த நோய் உள்ளவர்களில் சிலருடைய ரத்தத்தில் அமினோ அமிலங்களின் அளவு மற்றவர்களைவிடக் கொஞ்சம் மாறியிருக்கலாம் என்று சில நாடுகளில் சந்தேகப்படுகிறார்களாம். நாம் சாப்பிடும் பருப்பு, கறி, முட்டை எல்லாம் வயிற்றில் உடைந்து அந்த அமிலங்களாகத்தான் ரத்தத்தில் சேருகின்றன. ரத்தத்தில் ஒரு சொட்டைக் காகிதத்தில் வைத்து, ஒரு திரவத்தை அதில் ஊறி ஏறவிட்டு, மேலே ஒரு மருந்தைத் தெளித்தால், அமிலங்கள் தனித்தனி ஊதாப் புள்ளிகளாகத் தெரியும். புள்ளி அடர்த்தியாக இருந்தால் அளவு அதிகம். அவர் ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நோயாளியும் தாய் தகப்பனும் ரத்தம் கொடுத்தால் உதவியாக இருக்கும் என்றார். "ஆராய்ச்சிதான் சார். வைத்தியம் இல்ல" என்று இரண்டு தடவை சொன்னார்.

இரண்டு தடவையும் என் காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது "அளவு" என்ற ஒரே சொல். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. மழைக்குக்கூட தாலுகா ஆபீசில் ஒரு ஜாடி வைத்து அளக்கிறார்கள். என் மகனுக்கு வந்ததை மட்டும் அளக்க ஒன்றுமில்லை என்பதுதான் என் துக்கமே. இப்போது ஒன்று கிடைத்துவிட்டது. விடை வந்துவிடும், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதும் தெரிந்துவிடும். பஸ்ஸில் திரும்பி வரும்போது திண்டிவனம் வரை வாய் ஓயாமல் அமினோ அமிலம் நடத்தினேன். முன் சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மகனுக்கு மாத்திரை பிடிக்கவில்லை. நாக்குக்கடியில் வைத்திருந்து கொல்லையில் துப்புவதை அவன் அம்மா பார்த்துவிட்டாள்.

"நான் சீக்காளி இல்ல. அவங்க பேசறாங்க. பேசறவங்களுக்கு மாத்திரை குடுக்காம எனக்கு ஏன் குடுக்கற?" என்றான்.

"ரத்தத்துல இருக்குதுன்னு தெரிஞ்சா போடுவியா?"

அவன் யோசித்தான். "தெரிஞ்சா போடறேன். தெரியலன்னா?"

"தெரியலன்னா வேணாம். ஆனா ரிசல்ட்டு வர்ற வரைக்கும் ஒழுங்கா போட்டுக்கணும்."

"சரி."

வாதத்தில் ஜெயித்த மிதப்போடு திரும்பினேன். என் மனைவி கரண்டியும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள்.

"யாரக் கேட்டு வாக்குக் குடுத்தீங்க? தெரியலன்னு வந்துட்டா இன்னா பண்ணுவீங்க? டாக்டரு உள்ள வச்சிக்குவேன்னாரே."

"தெரியாம எப்படிப் போவும்? இது விஞ்ஞானம்."

"உங்க விஞ்ஞானம் ரத்தம் கேக்குது. எங்க ஆத்தா வேப்பிலதான் கேக்கறா" என்றாள்.

ரத்தம் எடுப்பதற்கு முந்தைய இரண்டு நாள் பருப்பும் கறியும் வேண்டாம், அன்று காலை வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்பதுதான் டாக்டர் போட்ட கட்டளை. நான் அதை மேம்படுத்தினேன். அமிலம் கூடியதுதான் நோய் என்றால், அதைக் குறைத்தால் நோயும் குறையத்தானே வேண்டும்? எளிய சமன்பாடு. அன்றே வீட்டில் பருப்பு, முட்டை, கறி, பால், தயிர் எல்லாவற்றுக்கும் தடை விதித்தேன். மூன்று வாரம் அமலில் இருந்தது அந்தச் சட்டம். புளித்தண்ணீரில் கத்தரிக்காய் மிதக்கும் ஒரு திரவத்தை என் மனைவி தினமும் ஊற்றினாள்.

"இது இன்னா?" என்றேன் ஒருநாள்.

"சாம்பாரு. பருப்பு இல்லாம சாம்பாரு வைக்கச் சொல்றவரு இருக்கற வீட்டுல, அந்தப் புள்ளையப் போயி சீக்காளின்றாங்க."

மகன் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சிரிக்கிறானா என்று பார்த்தேன். இல்லை. அந்த மாதங்களில் அவன் முகத்தில் எதுவும் வருவதில்லை. கழுவி வைத்த தட்டு மாதிரி இருக்கும்.

ரத்தம் எடுக்கும் நாளுக்கு முந்தின நாள் மதியமே சென்னைக்குப் புறப்பட்டோம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு சத்திரத்தில் தங்கினோம். டாக்டரைப் பார்க்கப் போகிறோம், வெறும் கையோடு போவதா? மல்லாட்டை பிடுங்கும் காலம். புதுக் கொட்டையாக வாங்கி, வறுத்து, ஒரு துணிப்பை நிறையக் கொண்டுபோயிருந்தோம். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். செஞ்சியிலிருந்து போகிறவன் வேறு எதைக் கொண்டுபோவான்?

காலையில் இரண்டு பேரையும் காவல் காத்தேன். "காப்பித்தண்ணிகூட தொடக் கூடாது. தண்ணி மட்டும்." மனைவி பல் விளக்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொன்னேன், அவள் காட்டவில்லை, வேறு ஏதோ சொன்னாள். மகனைக் கிளப்பி நடத்தி, வரிசையில் நிறுத்தி, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, மூன்று பேரும் ரத்தம் கொடுத்தோம். பையை டாக்டரிடம் நீட்டினேன். மறுத்துப் பார்த்துவிட்டு, சங்கடத்தோடு வாங்கிக்கொண்டார். பை முதல் நாள் இருந்ததைவிடக் கொஞ்சம் தொளதொளவென்று இருந்ததை நான் கவனிக்கவில்லை.

ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நாள்களில் பள்ளிக்கூடத்தில் என்ன நடத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. ஒரு நாள் ஒரு கணக்கைக் கரும்பலகையில் முடித்துவிட்டு விடைக்கு நேரே ஊதா என்று எழுதியிருக்கிறேன். வகுப்பே சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தது. வாத்தியார் வீட்டு விஷயம் ஊருக்குத் தெரிந்துதான் இருந்தது.

திரும்பப் போனபோது டாக்டருக்கு எங்களைப் பார்த்ததும் கொஞ்சம் தயக்கம். தனித்தனியாக யாருக்கும் ரிசல்ட் சொல்வதில்லை, இது பல பேருடைய அளவைச் சேர்த்துப் பார்க்கிற வேலை என்றார். நான் விடவில்லை. ஊரிலிருந்து வந்திருக்கிறோம், மூன்று வாரம் வீட்டில் எல்லாருக்கும் பருப்புக்குக்கூடத் தடை போட்டேன், நானும் படித்தவன்தான், காகிதத்தையாவது காட்டுங்கள் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்பதுதான் சரி. கடைசியில் ஒரு நீளக் காகிதத்தை எடுத்து வந்து வெளிச்சத்தில் பிடித்தார்.

மூன்று வரிசைகளில் ஊதாப் புள்ளிகள். ஒரு வரிசை வெளிர். இன்னொன்றும் ஏறக்குறைய அதே போல. மூன்றாவது வரிசை மைக்கூடு கவிழ்ந்த மாதிரி இருந்தது.

"அதுதான் என் பையனோடதா?" என்றேன்.

டாக்டர் ஓரத்தில் இருந்த எண்ணைப் பார்த்தார். "இல்ல சார். இது உங்களோடது."

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று யாரிடமும் நான் சொன்னதில்லை. நிம்மதியாக இருந்தது. என்னிடமிருந்து போகக் கூடாது என்று இத்தனை மாதம் பயந்து செத்தவனுக்கு, அப்பாடா என்று இருந்தது. நான்தான் காரணம். சித்தப்பாவின் காது, மூக்கு, இப்போது ரத்தமும். காரணம் என்று ஒன்று கிடைத்துவிட்டது. அது எதுவாக இருந்தாலும் சரி, கிடைத்துவிட்டது. மகனைப் பார்க்கத் திரும்பினேன். மன்னிப்புக் கேட்கக்கூட வாயைத் திறந்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

"சார்," என்றார் டாக்டர், "அன்னிக்குக் காலையில நீங்க ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"நானா! ஒரு சொட்டு காப்பிகூட கெடையாது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இவங்களையே தொட வுடல நான்."

"அதான் எங்கள வுடலையே," என்றாள் என் மனைவி. "நீங்க விடியக்காலையிலேர்ந்து அந்தப் பையில கைய வுட்டுக்கினே இருந்தீங்களே. சத்திரத்து வாசல் பூரா தொலி."

"எந்தப் பையில?"

"டாக்டருக்குக் கொண்டாந்த மல்லாட்டப் பையில."

"மல்லாட்ட தின்றதெல்லாம் சாப்பாடா?" என்றேன். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். விரதம் இருக்கிறவன்கூட மடியில் இரண்டு மல்லாட்டை வைத்திருப்பான். கவலை வந்தால் கை தானாக அங்கே போகும், வாய் தானாக மெல்லும், மூளைக்குத் தகவலே போகாது.

"வேர்க்கடலையா?" என்று டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "புரதம் முழுக்க அதுலதான் சார் இருக்கு. அதான் இப்படி... எல்லாருக்கும் தடை போட்டீங்கன்னு சொன்னீங்களே?"

"எல்லாருக்கும்தான் போட்டாரு," என்றாள் மனைவி.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. என் மகன் சிரித்தான். ஒரு வருஷமாகக் கேட்காத சத்தம் என்பதால் முதலில் எனக்கு அது இருமல் என்றுதான் தோன்றியது. "நைனாவுக்குத்தான் சீக்கு" என்றான். டாக்டரும் சிரித்துவிட்டார். என் ரத்தத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியாது என்றார். ஆக, எனக்குக் கிடைத்திருந்த காரணமும் போயிற்று.

"அப்ப பையனோடது?"

"வித்தியாசமா ஒண்ணும் தெரியல. தெரிஞ்சிருந்தாலும் அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது சார். நோய் இல்லாத நிறைய பேருக்கும் இதே அளவு இருக்கு. சில பேருக்குக் கூடியிருந்தாலும், அது நோயாலயா, மாத்திரையாலயா, சாப்பாட்டாலயா, இன்னும் பிரிச்சுச் சொல்ல முடியல. நீங்க கணக்கு வாத்தியார்தானே? ஒரு வகுப்போட சராசரி நாப்பது, பக்கத்து வகுப்போடது நாப்பத்தஞ்சு. ஒரு பையன் வந்து நாப்பத்திரண்டு வாங்கியிருக்கேன்றான். அவன் எந்த வகுப்பு?"

வருஷா வருஷம் நான் பிள்ளைகளிடம் கேட்டு, விழிக்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கும் கேள்வி அது. நான் விழித்தேன்.

வெளியே வந்தோம். மனைவி குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள். மகன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அப்ப மாத்திரை வேணாம். இல்ல நைனா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புள்ளிகளைப் பார்த்த நேரத்திலிருந்து எங்கள் ஒப்பந்தத்தை மறந்தே போயிருந்தேன். "உள்ளேயே" என்ற சொல் திரும்ப வந்து முன்னால் நின்றது. அந்தக் கட்டடத்தின் ஜன்னல் கம்பிகள் எங்களுக்கு நேர் எதிரே இருந்தன.

"உனக்கு இல்லன்னு அவரு சொல்லலடா. சொல்ல முடியாதுன்னுதான் சொன்னாரு."

"தெரிஞ்சா போடணும், தெரியலன்னா வேணாம்னு நீதான சொன்ன. தெரியல."

வாதத்தில் ஓட்டை இல்லை. அவன் யார் பிள்ளை என்று காட்ட ரத்தம் எடுக்கத் தேவையே இருந்திருக்காது. நான் மேஜையைத் தட்டிச் சொல்லிக் கொடுத்த வழியிலேயே வந்து என்னை மடக்கிவிட்டான். கெஞ்சலாமா, மிரட்டலாமா, அம்மாவைக் கூப்பிடலாமா என்று பார்த்தேன். கையில் ஒன்றுமில்லை. கையில் ஒன்றுமில்லாததால்தான் அந்தக் கேள்வி வந்தது. நல்ல புத்தியால் வந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"இப்ப கேக்குதாடா?" என்றேன்.

தலையைச் சற்றுச் சாய்த்து, கேட்டுப் பார்த்துவிட்டுச் சொல்வது போலச் சொன்னான்.

"கேக்குது. ஆனா தூரத்துல. மலைக்கு அந்தாண்ட பேசற மாதிரி. இன்னா சொல்றாங்கன்னு புரியல."

"எப்பலேர்ந்து?"

"ஒழுங்கா மாத்திரை போட ஆரம்பிச்சப்பறம்."

"இத ஏண்டா எங்ககிட்ட சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? ரத்தத்ததான கேட்டீங்க."

"அப்ப ஏன் வேணாங்கற?"

"வாயி காயுது நைனா. நாக்கு கட்ட மாதிரி ஆயிடுது. கை நடுங்குது, ரெண்டு வரி எழுத முடியல. பகல் பூரா தூக்கம். பருப்பு இல்லாத அந்தச் சாம்பார வேற வச்சிக்கினு எப்படி முழுங்கறது?"

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"நீ அவரோட பேசிக்கினே இருந்த. நான் எப்ப சொல்றது?"

தண்ணீர்ச் செம்போடு வந்த மனைவியிடம் "அடுத்த பஸ்ஸுல போலாம்" என்றேன். மூவரும் திரும்பி உள்ளே போனோம். டாக்டர் வார்டுக்குப் போயிருந்தார். மதியம்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் வந்ததும் நானும் எழுந்தேன், பழக்க தோஷம். என் மனைவி வேட்டியைப் பிடித்து உட்கார வைத்தாள். மகன் மட்டும் உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது.

நெடுநேரம் ஆயிற்று. உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. என்ன பேசுகிறார்கள் என்று புரியவில்லை. எழுந்து கதவுக்குப் பக்கத்தில் போய்ச் சுவரில் இருந்த ஏதோ ஓர் அறிவிப்பைப் படிக்கிற மாதிரி நின்றேன். அப்போதும் புரியவில்லை. ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது.

அவன் வெளியே வந்து எங்களைத் தாண்டி நடந்தான். நாங்கள் பின்னால் ஓடினோம்.

"இன்னா சொன்னாரு?" என்றாள் அவன் அம்மா.

"ராத்திரி மட்டும் போட்டுக்கணுமாம். நடுக்கத்துக்கு வேற ஒண்ணு குடுத்திருக்காரு. ஒரு மாசம் பாக்கலாம்னு சொன்னேன்."

"அவரு சொன்னாரா?" என்றேன்.

"நான் சொன்னேன். ஒரு மாசத்துக்கப்பறம் நானே வந்து சொல்றேன்னு சொல்லியிருக்கறேன். நீ நடுவுல ஒப்பந்தம் எதுவும் போடாத."

சரி என்றேன். இதை எழுதும் இன்றுவரை அப்படித்தான் ஒவ்வொரு மாதமாகப் போய்க்கொண்டிருக்கிறது. நடுவில் ஒரு மாதம் அவன் வேண்டாம் என்றான். அந்த மாதத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. பிறகு மறுபடி போட்டுக்கொள்கிறான். இப்போது அரிசி மண்டியில் பாதி நாள் வேலைக்குப் போகிறான். டாக்டரின் ஆராய்ச்சி என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. எங்காவது ஒருநாள் யாராவது சரியான புள்ளியைக் கண்டுபிடிக்கட்டும், முதல் ஆளாகக் கையை நீட்டுவேன், வெறும் வயிற்றோடு. அதுவரை காலையில் அவன் எழுந்து வரும்போது முகத்தைப் பார்க்கிறேன். எப்படி இருக்குது என்று கேட்கிறேன். சில நாள் சொல்கிறான். சில நாள், "காலையிலேயே ஆரம்பிச்சிட்டியா நைனா?" என்கிறான். அப்படிச் சொல்லும் நாள்களில் எனக்குப் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் பயம் இருப்பதில்லை.